பருவுக்கு ஓர் ஐந்திலக்க எண்

விழுப்புரம் சந்திப்பில் ஐந்து ரயில் பாதைகள் கூடுகின்றன: சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி. அறிவியல் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கு அவற்றில் முதலில் பழகுவது சென்னைப் பாதைதான். விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், மருந்தியல், செவிலியம் என்று எதைப் படித்திருந்தாலும் சேரக்கூடிய ஒரு தொழில் சென்னையில் இருக்கிறது. மெடிக்கல் கோடிங் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு மருத்துவர் எழுதிவைத்த குறிப்பைப் படிக்க வேண்டும். நோய்க்கு ஓர் எண்ணும் செய்த சிகிச்சைக்கு ஓர் எண்ணும் குறிக்க வேண்டும். அந்த எண்களை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் கொடுக்கும்.

கம்ப்யூட்டரில் எண் போடுகிற வேலை என்று திண்டிவனத்திலோ செஞ்சியிலோ இருக்கும் பெற்றோர் நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் அந்த எண்ணை எட்டுவதற்கு எவ்வளவு உடற்கூறும் எவ்வளவு தர்க்கமும் தேவை என்பதை ஒரு சின்ன உதாரணத்தைக் கொண்டே காட்டலாம். பெரிய இதய அறுவைசிகிச்சை எதுவும் வேண்டாம், முகப்பரு போதும்.

பரு உண்டாகும் இடம் மயிர்க்கால். ஒவ்வொரு மயிர்க்காலின் பக்கவாட்டிலும் ஒரு மெழுகுச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும்போது இந்தச் சுரப்பி பெருத்து, சீபம் என்ற எண்ணெய்ப் பசையை அதிகமாகச் சுரக்கிறது. அதே நேரத்தில் மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிரவேண்டிய செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஏரி மதகின் வாயில் சருகும் சேறும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்குவதைப் போல, கெரட்டினும் சீபமும் சேர்ந்து மயிர்க்காலுக்குள் அடைகின்றன. இந்த அடைப்புக்குப் பெயர் கொமிடோன். அதன் வாய் மூடியிருந்தால் தோல் நிறத்திலோ வெளிறியோ சின்ன மேடாகத் தெரியும். வாய் திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கறுப்பு அழுக்கில்லை. மெலனினும் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்பும் தரும் நிறம் அது. எத்தனை முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தேய்ப்பதால் தோல்தான் புண்ணாகும்.

அடைப்புக்குள் காற்று குறைவு, கொழுப்பு அதிகம். கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற நுண்ணுயிரிக்கு அது வசதியான இடம். 2016 வரை இதன் பெயர் புரொப்பியோனிபாக்டீரியம் ஆக்னிஸ். மரபணு ஆய்வுக்குப் பிறகு தோலில் வாழும் இனங்களைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். இது பெருகும்போது உடலின் நோய் எதிர்ப்பு வினையும் சேர்ந்துகொள்ள, கொமிடோன் சிவந்த பருவாகிறது, சீழ்ப்பருவாகிறது. ஆழத்தில் வெடித்தால் கட்டியாகிறது. மயிர்க்காலின் சுவர் உள்ளுக்குள்ளேயே கிழிந்து அடைப்பு சதைக்குள் கொட்டுவதுதான் நிரந்தரத் தழும்புக்குப் பெரும் காரணம். கண்ணாடி முன் நின்று பருவை நகத்தால் அழுத்தும்போதும் இதுதான் நடக்கிறது: பாதி வெளியே வரும், மீதி உள்ளே கிழித்துக்கொண்டு போகும். நம் தோல் நிறத்தில் இதற்கு இன்னொரு விலையும் உண்டு. வீக்கம் ஆறிய இடத்தில் மெலனின் கூடி, பரு போன பிறகும் மாதக்கணக்கில் கருப்புத் தடம் நிற்கும்.

தோல் மருத்துவர் செய்வது வேறு. தோலைச் சுத்தம் செய்து, 11ஆம் எண் பிளேடின் முனையாலோ நுண் ஊசியாலோ கொமிடோனின் வாயை மெல்லத் திறக்கிறார். முனையில் சிறு வளையம் கொண்ட கொமிடோன் எக்ஸ்ட்ராக்டரை வைத்து நேர்க்குத்தாக அழுத்தி, அடைப்பை முழுசாக வெளியே எடுக்கிறார். சில நிமிட வேலை. பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. புதிய பரு வருவதை இது நிறுத்தாது. அதற்கு ரெட்டினாய்டு போன்ற மருந்துகளை மாதக்கணக்கில் பூச வேண்டும்.

இந்தச் சில நிமிட வேலைக்குத்தான் அமெரிக்காவில் 10040 என்று எண். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் முதன்முதலாக வெளியிட்டு இன்றுவரை உரிமை வைத்திருக்கும் சி.பி.டி. என்ற சிகிச்சைக் குறியீட்டுத் தொகுப்பில் நெடுங்காலமாக அதற்கு வழங்கிய பெயர் பரு அறுவைசிகிச்சை. பல கொமிடோன்கள், மிலியா எனும் சிறு கெரட்டின் மணிகள், கட்டிகள், சீழ்ப்பருக்கள் ஆகியவற்றைத் திறப்பதும் எடுப்பதும் இதில் அடங்கும்.

ஒரு மாதிரிக் குறிப்பை எடுத்துக்கொள்வோம். 19 வயதுப் பெண், ஏற்கெனவே வந்துபோகும் நோயாளி. நெற்றியிலும் இரு கன்னங்களிலும் திறந்த, மூடிய கொமிடோன்கள். மூன்று மாதம் களிம்பு பூசியும் குறையவில்லை. சில இடங்களில் வலியும் சிவப்பும். பிளேடு முனையால் திறந்து 14 கொமிடோன்கள் எடுக்கப்பட்டன. வலது தாடையோரம் ஆழமான ஒரு கட்டியில் ட்ரையாம்சினலோன் ஊசி போடப்பட்டது.

புதிதாகச் சேர்ந்த கோடருக்கு முதலில் தோன்றுவது 10040ஐப் பதினான்கு முறை போடுவது. அது தவறு. அந்த எண்ணின் விளக்கத்திலேயே ‘பல’ என்பது அடங்கியிருக்கிறது. 14 எடுத்தாலும் 40 எடுத்தாலும் ஒரே ஒரு முறைதான். தாடையோரக் கட்டிக்குப் போட்ட ஊசிக்கு 11900. இங்கே எண்ணிக்கை வேறு விதமாக நடக்கிறது: ஏழு கட்டிகள் வரைக்கும் 11900 ஒருமுறை, ஏழுக்கு மேல் போனால் அதற்குப் பதிலாக 11901. எத்தனை ஊசிகள் குத்தினார்கள் என்பது கணக்கில்லை, எத்தனை கட்டிகளில் போட்டார்கள் என்பதே கணக்கு. இந்த இரண்டு எண்களையும் ஒரே நாளில் சேர்த்து அனுப்பலாமா என்பது அடுத்த கேள்வி. ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடும் சிகிச்சைகளுக்குத் தனித்தனியாகப் பணம் கேட்பதைத் தடுக்க, அமெரிக்க அரசு 1996 முதல் ஜோடி ஜோடியாக ஒரு தடைப் பட்டியலை நடத்துகிறது. அந்தப் பட்டியலைப் பார்க்காமல், இரண்டும் வெவ்வேறு இடத்துப் புண்கள் என்று குறிப்பு சொல்கிறதா என்று சரிபார்க்காமல், ஒரு நல்ல கோடர் கையை எடுக்கமாட்டார்.

அதே தாடையோரம் ஊசிக்குப் பதில் கத்தி வைத்துச் சீழ் வடித்திருந்தால்? அது சீழ்க்கட்டி என்று மருத்துவர் எழுதியிருந்தால் எண் 10060க்கு மாறுகிறது. கட்டியை உறையோடு முழுவதும் வெட்டி எடுத்திருந்தால் 11440இல் தொடங்கும் வரிசைக்குப் போக வேண்டும். அங்கே முகத்தில் இருந்ததா என்பதும், எத்தனை சென்டிமீட்டர் என்பதும் தீர்மானிக்கும். அரை சென்டிமீட்டர் வரை ஓர் எண், அதைத் தாண்டினால் வேறு எண். மருத்துவர் அளவை எழுத மறந்திருந்தால் கோடர் ஊகிக்கக் கூடாது; கேள்வி எழுப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். கொமிடோன், சீழ்ப்பரு, சீழ்க்கட்டி, உறைக்கட்டி ஆகியவற்றின் வித்தியாசத்தை நுண்ணோக்கி அளவில் புரிந்துகொண்டவருக்கே இந்த நான்கு வழிகளில் சரியானது தெரியும். கல்லூரியில் திசுவியல் படித்தது வீண் போகவில்லை என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இன்னும் நுட்பமானது ஆலோசனைக் கட்டணம். பரு எடுத்த அன்றே மருத்துவரைப் பார்த்ததற்கும் தனியே பணம் கேட்கலாமா? சிகிச்சைக்கு முன் முகத்தைப் பார்ப்பது சிகிச்சையிலேயே அடக்கம். ஆனால் அதே வருகையில் அவர் நோயை முழுவதுமாக மறுபரிசீலனை செய்து, ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை தொடங்க முடிவெடுத்து, ரத்தப் பரிசோதனையும் கர்ப்பப் பரிசோதனையும் எழுதியிருந்தால் அது தனி உழைப்பு. அப்போது 99213 போன்ற ஆலோசனை எண்ணோடு 25 என்ற ஒட்டைச் சேர்க்கலாம். குறிப்பில் அந்தத் தனி உழைப்பு எழுத்தில் இருக்க வேண்டும். மருத்துவர் மனதில் நினைத்தது கணக்கில் வராது. 10040க்குப் பின் பத்து நாள்களுக்குள் அதே புண்ணைக் காட்ட வந்தால் அதற்கும் தனிக் கட்டணம் கிடையாது. அந்தப் பத்து நாள் பராமரிப்பும் முதல் எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. தெரிந்தே பொய்யான எண் போட்டு அரசிடம் பணம் வாங்கினால் 1863இல் உள்நாட்டுப் போர்க்காலத்தில் லிங்கன் கையெழுத்திட்ட பொய்க்கோரிக்கைச் சட்டம் பாயும். இழப்பைப்போல் மூன்று மடங்கு வரை கட்டவைக்கும்.

இதுவரை பார்த்தது செய்த வேலைக்கான எண். ஏன் செய்தார்கள் என்பதற்கான எண் வேறு தொகுப்பிலிருந்து வருகிறது. அதன் வரலாறு பணத்தில் தொடங்கவில்லை, மரணத்தில் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் பதிவாளர் அலுவலகத்தில் வில்லியம் ஃபார், மக்கள் எதனால் சாகிறார்கள் என்று கணக்கெடுக்க முயன்றபோது ஒரே நோய்க்குப் பத்துப் பெயர்களும் பத்து நோய்களுக்கு ஒரே பெயரும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டார். பாரிஸின் ஜாக் பெர்டியோன் தயாரித்த இறப்புக் காரணப் பட்டியலை 1893இல் சிகாகோவில் கூடிய உலகப் புள்ளியியல் கழகம் ஏற்றது. 1948இல் அதன் ஆறாம் திருத்தத்தை உலகச் சுகாதார நிறுவனம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, சாவோடு நிற்காமல் நோய்களையும் சேர்த்தது. ஐ.சி.டி. என்ற மூன்றெழுத்தில் கோடர்கள் சொல்வது இதைத்தான். பத்தாம் திருத்தத்தின் அமெரிக்க வடிவம் அங்கே 2015 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

அதில் சாதாரண முகப்பரு எல் 70.0. கட்டிகளும் புரையும் ஒன்றோடொன்று இணையும் கடுமையான வகை எல் 70.1. கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்கிய பருவுக்குக்கூட எல் 70.5 என்று தனி இடம். எல் 70.3 வெப்பமண்டலப் பரு. இரண்டாம் உலகப் போரில் வெயிலும் ஈரமும் மிகுந்த நிலங்களுக்கு அனுப்பப்பட்ட சிப்பாய்களின் முதுகிலும் தோளிலும் கடுமையாக வந்து, பலரை ஊருக்குத் திருப்பி அனுப்பவைத்த நோய் அது. மிலியாவுக்கு எல் 70 குடும்பத்தில் இடமில்லை; அது எல் 72.0க்குப் போகிறது, ஏனென்றால் அது பருவே அல்ல, சிறு கெரட்டின் உறைக்கட்டி. சிகிச்சை எண்ணில் பருவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மிலியா, நோய் எண்ணில் வேறு வகுப்பில் இருக்கிறது. கத்தி ஒரே மாதிரி வேலை செய்தாலும் நோய்க்கூறு வேறு என்பதைத் தொகுப்பு நினைவில் வைத்திருக்கிறது. இதை நான் அழகான அறிவியல் என்று நினைக்கிறேன்.

இரண்டு எண்களும் பொருந்தினால்தான் பணம். பொருந்தினாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: இது வைத்தியமா, அழகுபடுத்தலா? மூக்கு நுனியில் நாலு கரும்புள்ளிகளைப் படம் எடுக்க நன்றாக இருக்கும் என்பதற்காக எடுத்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் மறுக்கும். வலி, வீக்கம், கிருமித்தொற்று, மருந்து பயன் தராதது ஆகியவை குறிப்பில் இருந்தால் ஏற்க வாய்ப்பு உண்டு. முகத்தில் இருந்த புண் ஒன்றுதான். கோட்டின் எந்தப் பக்கம் அது விழும் என்பதை மருத்துவர் எழுதிய நாலு சொற்கள் தீர்மானிக்கின்றன. ஆகவே ‘களிம்பு பூசியும் குறையவில்லை’ என்ற வரியைத் தேடிப் பிடிப்பது கோடரின் வேலையில் பெரிய பகுதி. மறுக்கப்பட்டால் அதைத் துரத்திக் கேட்பது ஏ.ஆர். காலிங் என்ற தொலைபேசி வேலையைச் செய்யும் நண்பர்களின் பொறுப்பு. அமெரிக்காவின் பகலில் பேசவேண்டியிருப்பதால் அவர்களுக்குத்தான் நைட் ஷிஃப்ட்.

இதே கோடு நம் நாட்டிலும் இழுக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவின் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் தரப்படுத்திய விலக்குகளில் எட்டாவது, அழகுக்கான சிகிச்சையும் பிளாஸ்டிக் சர்ஜரியும். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின்னான சீரமைப்பு போன்றவற்றுக்கும் மருத்துவத் தேவைக்கும் மட்டும் விதிவிலக்கு. சரக்கு சேவை வரியிலும் அப்படியே: மருத்துவ சேவைக்கு வரி இல்லை, அழகு சிகிச்சைக்கு வரி உண்டு. அதாவது பருவைப் பற்றிய அந்தப் பழைய கேள்வி விழுப்புரத்து கிளினிக்கின் ரசீதுக்குள்ளும் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். தனியார் கிளினிக்கில் பரு எடுத்தால் மருத்துவர் கட்டணம், சிகிச்சைக் கட்டணம் என்று சீட்டில் இரண்டு தொகைகள் இருக்கும். பர்ஸிலிருந்து கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். புறநோயாளிச் சிகிச்சை என்பதால் பெரும்பாலான இன்சூரன்ஸ் பாலிசிகள் பக்கமே அது போவதில்லை.

முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் அந்தச் சீட்டும் இல்லை. ஓ.பி. சீட்டு இலவசம், மருந்து இலவசம். 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. அதில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் பேக்கேஜ் எண் உண்டு. ஆனால் அது பெரிய சிகிச்சைகளுக்கானது. பருவுக்கு அங்கே என்ன வேலை?

இந்த இலவசத்தை நான் எதற்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். 14 கொமிடோன்களுக்காக நோயாளி, மருத்துவர், பில் போடுபவர், கோடர், இன்சூரன்ஸ், மறுப்பு, மேல்முறையீடு என்று ஒரு சங்கிலியையே இழுக்கும் அமெரிக்க ஏற்பாட்டை யாரும் இங்கே கொண்டுவர வேண்டாம். ஆனால் அதில் ஒரு துணைவிளைவு இருக்கிறது: பணத்துக்காக எண் போட்டதால் அவர்களிடம் கணக்கு சேர்ந்துவிட்டது. எந்த வயதில், எந்த மாநிலத்தில், எத்தனை பேருக்குப் பரு, எத்தனை பேருக்குக் கட்டி, என்ன மருந்து, எத்தனை முறை என்று ஆராய்ச்சியாளர் கேட்டால் காப்பீட்டுக் கோரிக்கைகளின் தரவு பதில் சொல்கிறது. நம்மிடம் பில் இல்லை. பில் இல்லாததால் எண் இல்லை. எண் இல்லாததால் அந்தக் கணக்கும் இல்லை. சாவுக்கே இதுதான் நிலை: 2020இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். சாவுக்கு இப்படியென்றால் பருவைக் கேட்க வேண்டியதில்லை.

பரு சின்ன விஷயம் என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு செய்தி. சிவப்பழகு வேண்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் பூசும் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், ரத்தக் குழாய் தெரியும், முகம் முழுக்கப் பரு வரும். மத்திய அரசு 2018இல் இப்படிப் பூசும் 14 ஸ்டீராய்டுகளை, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு விழுப்புரம் மாவட்டத்தில் ஸ்டீராய்டுப் பருவோடு வருபவர்கள் குறைந்தார்களா? வானூரில் அதிகமா, மரக்காணத்தில் அதிகமா? ஓ.பி. சீட்டில் ‘பரு’ என்று கையால் எழுதி, நோயாளியே அதை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போகும்வரை இதற்குப் பதில் கிடைக்காது. ஒரு சட்டம் வேலை செய்ததா என்று அறியும் வழி அந்தச் சீட்டோடு போய்விடுகிறது.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. சி.பி.டி. அமெரிக்கச் சங்கத்தின் சொத்து, உரிமம் வேண்டும். நமக்கு அது தேவையும் இல்லை. ஐ.சி.டி. உலக நாடுகளுக்குப் பொது. அதன் பதினோராம் திருத்தம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பரு ஈ.டி. 80. நோய்ச் சொற்களை நுணுக்கமாகப் பதிவு செய்யும் ஸ்நோமெட் சி.டி. தொகுப்பில் இந்தியா 2014 முதல் உறுப்பு நாடு; நம் மருத்துவமனைகள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். 2024 ஜனவரி 10 அன்று ஆயுர்வேத, சித்த, யுனானி மருத்துவங்களின் நோய்ச் சொற்களுக்கான பகுதியையும் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்டது. அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில் தோல் நோய்க்கு மருந்து வாங்குபவரையும் இனி அதே கணக்கில் சேர்க்க முடியும்.

ஆளுக்கும் பஞ்சமில்லை. சி.பி.சி. என்ற சான்றிதழ்த் தேர்வில் நான்கு மணி நேரத்தில் நூறு கேள்விகளுக்கு, குறியீட்டுப் புத்தகத்தைப் புரட்டியபடியே பதில் எழுதித் தேறியவர்கள் இந்த மாவட்டத்துத் தெருக்களில் இருக்கிறார்கள். கைபேசியை வெளியே வைத்துவிட்டு அலுவலகத்துக்குள் போய், பார்த்தே இராத ஊர்களின் நோயாளிகளுடைய கன்னங்களைப் பற்றிய வரிகளைப் படித்து, தழும்புக்கும் கட்டிக்கும் வித்தியாசம் பிரிக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் அவர்களுக்கென்று ஒரு பணியிடம் உருவாக்கினால், மாவட்டத்தின் நோய்க்கணக்கு மாவட்டத்திலேயே எழுதப்படும். பணம் கேட்கும் எண் அவர்களுக்கு அங்கே தேவைப்படாது. நோய் எண் ஒன்றும், சிகிச்சையைச் சொல்லும் ஸ்நோமெட் சொல் ஒன்றும் போதும்.

எந்தப் பிரிவில் தொடங்குவது என்று கேட்டால் தோல் நோய்ப் பிரிவைச் சொல்வேன். காய்ச்சல் என்றால் ரத்தப் பரிசோதனை வரும்வரை காத்திருக்க வேண்டும், கட்டி என்றால் திசுப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டும், அதற்குள் சீட்டு எங்கோ போய்விடும். தோல் நோய்களில் பெரும்பாலானவற்றை மருத்துவர் கண்ணால் பார்த்தே அந்த மேசையிலேயே முடிவு செய்துவிடுகிறார். ஆகவே எண்ணை அந்த நிமிடமே பதியலாம். பருவோடு வருபவரிடம் கேட்க வேண்டியவை வயது, ஊர், எத்தனை மாதமாக, இதற்கு முன் பூசிய களிம்பின் பெயர். கடைசிக் கேள்விக்குப் பலர் வாயால் பதில் சொல்லத் தயங்குவார்கள். களிம்பு ட்யூபைக் கொண்டுவரச் சொன்னால் கொண்டுவருவார்கள்.